கொள்முதல் பயணத்தில் எங்கே தங்குவது? லாட்ஜ் அறையா, டார்மிட்டரிக் கட்டிலா?

வியாபாரம் என்று வந்துவிட்டால் பயணம் தவிர்க்க முடியாதது. மிளகாய்க்குக் குண்டூர், சீரகத்துக்கு குஜராத்தில் உள்ள ஊஞ்சா, துவரைக்குக் கலபுரகி, ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர், சேலைக்கு சூரத் என்று நம் உறுப்பினர்களில் பலர் ஆண்டுக்குச் சில தடவையாவது பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறவர்கள்தான். போனில் விலை கேட்டு, வாட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சரக்கு எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆனாலும் புதிய மண்டியில் முதல் லோடு எடுக்கும்போதும், பருவத் தொடக்கத்தில் தரம் பார்க்கும்போதும் நேரில் போகாமல் முடிவதில்லை.

அங்கே போய்க் கிலோவுக்கு இருபத்தைந்து காசு குறைக்க மணிக்கணக்கில் பேசுகிற நாம், இரவு எங்கே தங்குவது என்பதை மட்டும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் சொல்லுக்கு விட்டுவிடுகிறோம். சிலர் எப்போதும் மலிவான கட்டிலைத் தேடுவார்கள். சிலர் கௌரவம் கருதி எப்போதும் ஏ.சி. அறை எடுப்பார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் செய்யும் காரியம். தங்கும் செலவு என்பது லாரி வாடகை, ஏற்றுக்கூலி, தரகு போலச் சரக்கின் அடக்கவிலையில் சேர வேண்டிய ஒன்று. அப்படிப் பார்த்தால் எது சிக்கனம், எது வீண் என்பது தானே விளங்கிவிடும். நாற்பது ஆண்டுகளாக மண்டி மண்டியாக அலைந்த அனுபவத்தில், இளைய வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

எத்தனை வகை இடங்கள்?

பல பேருக்கு ஒரே கூடத்தில் படுக்க இடம் தருவது நமக்குப் புதிதல்ல. வணிகர்களும் ஜமீன்தார்களும் மன்னர்களும் கட்டி வைத்த சத்திரங்கள் அப்படிப்பட்டவைதான். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே 1880-களில் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் பெயர் பெற்றது. காசியில் நகரத்தார் சத்திரம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர்களுக்கு இடம் கொடுத்து வருகிறது. வடக்கே இதே ஏற்பாட்டுக்குத் தர்மசாலை என்று பெயர்.

மேல்நாட்டில் இளைஞர்களுக்கான விடுதியைத் தொடங்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர். மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபோது இரவு தங்க இடமில்லாத சிரமத்தைக் கண்ட அவருக்கு 1909-இல் அந்த எண்ணம் தோன்றியது. 1912-இல் ஆல்டேனா என்ற ஊரின் கோட்டையில் நிரந்தர விடுதி திறக்கப்பட்டது. அவர்கள் அதை ஹாஸ்டல் என்கிறார்கள். நம் ஊரில் ஹாஸ்டல் என்றால் மாணவர் விடுதி என்றே பொருள் என்பதால், பயணிகளுக்குக் கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் இடத்தை டார்மிட்டரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இன்று கொள்முதலுக்குப் போகும் வியாபாரிக்கு நான்கு வழிகள் உண்டு.

1. ரயில்வே ஓய்வறையும் அதன் டார்மிட்டரியும். உறுதியான டிக்கெட்டோ, ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ உள்ளவர்கள் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். அதிகபட்சம் 48 மணி நேரம். பெரிய சந்திப்புகளில்தான் இந்த வசதி நன்றாக இருக்கும்.

2. தனியார் டார்மிட்டரி. இதில் பேருந்து நிலையத்தை ஒட்டிய பழைய மாதிரிக் கூடமும் உண்டு; அண்மைக் காலத்தில் நகரங்களில் வந்துள்ள, அடுக்குக் கட்டிலும் ஆளுக்கொரு லாக்கரும் உள்ள புது மாதிரியும் உண்டு. புது மாதிரி இடங்கள் சிலவற்றில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

3. லாட்ஜ் அல்லது ஓட்டல் அறை.

4. சரக்குக் கொடுக்கும் கமிஷன் மண்டிக்காரர் தம் செலவில் தங்க வைக்கும் இடம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கிலோவால் வகுத்துப் பாருங்கள்

கணக்குக்கு வருவோம். ஊருக்கு ஊர் வாடகை வேறுபடும். உதாரணத்துக்கு ஒரு கட்டில் 300 ரூபாய், ஓரளவு சுத்தமான லாட்ஜ் அறை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஓர் இரவுக்கு 900 ரூபாய். இது அதிகமா, குறைவா? எவ்வளவு சரக்கு எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு மொத்த வியாபாரி குண்டூரில் 40 கிலோ மூட்டையாக 250 மூட்டை மிளகாய் எடுக்கிறார். மொத்தம் 10,000 கிலோ. அவருக்கு இந்த 900 ரூபாய் கிலோவுக்கு 9 காசு. இன்னொருவர் 50 மூட்டை, அதாவது 2,000 கிலோ எடுக்கிறார். அவருக்குக் கிலோவுக்கு 45 காசு. மூன்றாமவர் சிறு கடைக்காரர். வெள்ளோட்டமாக ஐந்து மூட்டை மட்டும் எடுக்க வந்திருக்கிறார். 200 கிலோவுக்கு 900 ரூபாய் என்றால் கிலோவுக்கு நாலரை ரூபாய் ஏறிவிடுகிறது. சில்லறை விற்பனையில் அந்த நாலரை ரூபாயை யாரிடம் வாங்குவது?

ஆகவே மூன்றாமவர் கட்டிலில் படுத்தால் அது கஞ்சத்தனம் அல்ல, புத்திசாலித்தனம். முதலாமவர் கட்டிலில் படுத்தால் அது சிக்கனம் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

மறுநாள் காலை யார்டில் அவர் செய்ய வேண்டிய வேலை என்ன? மூட்டைக்கு மூட்டை கையை விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். காயை ஒடித்து ஈரம் பார்க்க வேண்டும். குலுக்கி விதைச் சத்தம் கேட்க வேண்டும். வெளுத்த காய் எத்தனை, காம்பு எப்படி, நிறம் மேல் மூட்டையிலும் அடி மூட்டையிலும் ஒன்றா என்று கவனிக்க வேண்டும். 10,000 கிலோவில் ஈரம் ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தால், காய்ந்தபின் சுமார் 100 கிலோ எடை போய்விடும். கிலோ 150 ரூபாய் என்று வைத்தால்கூட 15,000 ரூபாய். இரவெல்லாம் பக்கத்துக் கட்டிலின் குறட்டையும், நடுநிசியில் வருகிறவர்கள் போடும் விளக்கும், மூட்டைப்பூச்சியும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்திருந்தால், காலை பத்து மணி வெயிலில் நூறாவது மூட்டையைப் பார்க்கும்போது கண்ணும் கையும் ஒத்துழைக்காது. ‘எல்லாம் ஒரே சரக்குதான்’ என்று தரகர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் அறியார் என்பது இதுதான்.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இருபத்தைந்து வயதில் அது உண்மை. ஐம்பது தாண்டி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் பழக்கமும் வந்தபின், நித்திரை எல்லாச் சுகத்தையும் அறியும்.

எப்போது கட்டில், எப்போது அறை?

கட்டில் போதும் என்று நான் சொல்லும் சந்தர்ப்பங்கள் இவை: இரண்டு ரயில்களுக்கு நடுவே ஆறேழு மணி நேரம் உடம்பைச் சாய்க்க வேண்டும், காலையில் இறங்கிக் குளித்து உடை மாற்றிவிட்டு மாலை வண்டியில் திரும்பப் போகிறோம், கையில் மாதிரிச் சரக்கோ முக்கியக் காகிதமோ இல்லை, விலை பேசி முடிந்தாகிவிட்டது, இனி ஊர் திரும்புவதுதான் பாக்கி. இப்படிப்பட்ட நேரத்தில் அறை எடுப்பது பூட்டி வைத்துவிட்டு வெளியே சுற்றுவதற்கு வாடகை கொடுப்பதுபோல.

அறை கட்டாயம் என்று சொல்வது இவற்றுக்கு: மறுநாள் பெரிய கொள்முதல் இருக்கிறது, சந்தையில் இரண்டு மூன்று நாள் தங்கி விலை பார்க்க வேண்டும், மாதிரிகளைப் பரப்பி வைத்து ஒப்பிட வேண்டும், உடல்நலம் சரியில்லை, அல்லது போனில் ஊருடன் விலை பேச வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. மண்டி ஊர்களில் டார்மிட்டரியில் படுத்திருப்பவர்கள் யார்? நம்மைப் போல வந்த வியாபாரிகளும், தரகர்களும், லாரி புக்கிங் ஆட்களும்தான். ‘இருநூறு மூட்டை வரைக்கும் எடுத்துக்கலாம், ரெண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை’ என்று இரவு ஒன்பது மணிக்கு மகனிடம் போனில் சொன்னால், காலை ஒன்பது மணிக்கு அது யார்டுக்கு நமக்கு முன்னே போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. நம்பிக்கையான இருவர் சேர்ந்து இரட்டைக் கட்டில் அறை எடுத்தால் 1,200 ரூபாய் ஆளுக்கு 600 ஆகிவிடும். சிறு கடைக்காரர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் இருவரும் ஒரே சரக்குக்கு வந்தவர்களாக இல்லாமல் இருப்பது நட்புக்கு நல்லது.

இலவசக் கட்டிலின் விலை

இப்போது நான்காவது வழி. மண்டிக்காரர் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பி, தம் கெஸ்ட் ஹவுஸில் தங்க வைத்து, வீட்டுச் சாப்பாடும் போட்டு உபசரிப்பார். பல ஆண்டுப் பழக்கம் உள்ள இடத்தில் இதை மறுப்பது மரியாதைக் குறைவு, அங்கே தங்கலாம். புதிய இடத்தில் முதல் கொள்முதலுக்குப் போகும்போது மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். ஒருவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, காலையில் அவர் காட்டும் சரக்கை வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. பக்கத்து மண்டிக்குப் போய் விலை கேட்கவும் கால் வராது. சொந்தக் காசில் எடுத்த அறையின் சாவி பையில் இருந்தால்தான் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரமும் நம்மிடம் இருக்கும்.

பணமும் பாதுகாப்பும்

முன்பெல்லாம் இடுப்பு வாரில் ரொக்கமும், சட்டைக்கு உள்பையில் டி.டி.யுமாகப் போவோம். டார்மிட்டரியில் படுத்தால் கண்ணை மூட முடியாது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட்டும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் இரவு பகல், விடுமுறை நாள் என்ற வித்தியாசம் இல்லாமல் நடக்கின்றன. ஆகவே ரொக்கம் சுமக்கும் அவசியம் பெரும்பாலும் போய்விட்டது. அந்த அளவில் கட்டில் முன்பைவிடப் பாதுகாப்பானதுதான்.

ஆனால் நம் கல்லாப்பெட்டி இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. டார்மிட்டரியில் பொதுப் பிளக்கில் போனைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டுத் தூங்குவது, கடையைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம். தலைமாட்டிலேயே பிளக் இல்லையென்றால் பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள். போனைத் திறக்கும் பூட்டும், யு.பி.ஐ. ரகசிய எண்ணும் வேறு வேறாக இருக்கட்டும். லாக்கருக்கு நம் சொந்தப் பூட்டையே போடுங்கள். ரயில் நிலையப் பொருள் காப்பறையில் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள் என்பதால் அங்கும் அந்தப் பூட்டு உதவும்.

‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைப் பார்த்ததும் நமக்கு எந்த உரிமையும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நம் பொருளை நம்பி ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவர் அதைச் சாதாரண மனிதன் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. 1998-இல் டெல்லியில் ஓர் ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போன வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டதால் மட்டும் ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, ஒப்படைக்கும் பொருளுக்குச் சீட்டு வாங்கும் பழக்கம். மாதிரிப் பையை ரிசப்ஷனில் கொடுத்தால் என்ன பை, எத்தனை என்று எழுதி வாங்குங்கள். நாமே அறையில் வைத்துவிட்டு வெளியே வந்த பொருளுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் பெறலாம். நகலின் குறுக்கே தேதியையும் ‘தங்குவதற்கு மட்டும்’ என்பதையும் எழுதிவிடுங்கள்.

பில்லும் வரியும்

2022 ஜூலை 18-க்கு முன் நாள் வாடகை 1,000 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அன்று முதல் அதற்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். ரயில்வே நேரடியாக நடத்தும் ஓய்வறைக்கும் பொருள் காப்பறைக்கும் 2024 ஜூலை 15 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஜி.எஸ்.டி. எண் இல்லாத சிறிய லாட்ஜ் வரி என்று ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது. பில்லில் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெளிமாநில அறைக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. தங்கும் சேவை கட்டடம் இருக்கும் மாநிலத்தில் வழங்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். சூரத்தில் தங்கினால் மத்திய வரியோடு குஜராத் மாநில வரி போடுவார்கள். தமிழ்நாட்டுப் பதிவில் அதை வரவு எடுக்க வழியில்லை. ஆகவே வெளிமாநில வாடகையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

வருமான வரிக்கும் ஒரு வார்த்தை. வியாபாரச் செலவில் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்பதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து போய் மொத்தமாக அறை எடுக்கும்போது இதை நினைவில் வைத்து, வங்கி வழியாகவே கொடுங்கள். பில் கடையின் பெயரில் இருக்கட்டும். பில் தராத இடம் எவ்வளவு மலிவானாலும் கணக்குப்பிள்ளைக்கு அது வீண் செலவுதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. செக்-அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? காலை 5 மணிக்கு இறங்கும் நமக்குப் பகல் 12 மணிக் கணக்கில் ஏழு மணி நேரத்திலேயே ஒரு நாள் முடிந்துவிடும். இரவும் தங்கினால் இரண்டு நாள் வாடகை.

2. சொன்ன வாடகையில் வரி சேர்ந்ததா, சேராததா?

3. அறையைப் பார்த்தபின்தான் பணம். மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்த்தால் மூட்டைப்பூச்சி இருப்பது தெரிந்துவிடும். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

4. டார்மிட்டரி என்றால் கீழ்க் கட்டில் கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று பாருங்கள்.

5. மண்டிக்கு எவ்வளவு தூரம்? 300 ரூபாய் மிச்சம் பிடித்து, போக வர ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுப்பது கணக்கல்ல.

ஆள் அனுப்பும்போது

நாம் போகாமல் மகனையோ குமாஸ்தாவையோ அனுப்பும் சந்தர்ப்பம் அதிகமாகிவிட்டது. சில கடைகளில் முதலாளி போனால் ஏ.சி. அறை, அதே வேலைக்குக் குமாஸ்தா போனால் டார்மிட்டரி என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். இது சரியல்ல. லட்சக்கணக்கில் சரக்குப் பார்த்து எடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, அதைச் செய்யத் தேவையான ஒரு இரவுத் தூக்கத்தை மறுப்பது நமக்கே நஷ்டம். எந்த வேலைக்கு எந்த இடம் என்று பாருங்கள். எந்த ஆளுக்கு எந்த இடம் என்று பார்க்காதீர்கள். வெறும் காகிதம் கொடுத்து வர மகன் போனால் அவன் கட்டிலில் படுக்கட்டும். சரக்கு எடுக்கக் குமாஸ்தா போனால் அவருக்கு அறை போடுங்கள்.

ஜவுளி, ஃபேன்சி வியாபாரத்தில் பெண்களும் கொள்முதலுக்குப் போகத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பெண்களுக்கெனத் தனி டார்மிட்டரி இருக்கிறதா, கழிப்பறையும் தனியா, இரவில் வாசலில் ஆள் உண்டா என்று ஊரிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். தெரியவில்லை என்றால் அறைதான்.

அடுத்த பயணத்துக்குப் புறப்படும் முன் குறிப்பேட்டில் மூன்று வரி எழுதிப் பாருங்கள்: மறுநாள் வேலை என்ன, எத்தனை கிலோ, வாடகை வித்தியாசம் கிலோவுக்கு எத்தனை காசு. வேலை பெரிதாகவும் காசு சிறிதாகவும் வந்தால் அறை. வேலை சிறிதாகவும் காசு பெரிதாகவும் வந்தால் கட்டில். உறுப்பினர்கள் தாங்கள் தங்கிய ஊர்களில் சுத்தமான, நியாயமான இடங்களைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், புதிதாகப் போகிறவர்களுக்கு ஆட்டோக்காரர் சொல்லை நம்பும் நிலை இருக்காது.